எண்ணெய்த் துளையில் சந்தனம்

அக்டோபர் 14, திங்கள். கிள்ளான். மதியத்திலிருந்து மழை.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

செல்வத்தின் பட்டறையில் இன்று பழைய பிளேனர், பலகை இழைக்கும் மெஷின், நின்றுவிட்டது. செல்வம் என் மனைவியின் தம்பி. மேசை நாற்காலி செய்து விற்கிறான். அந்த பிளேனர் கேரி தீவில் ஒரு தோட்டத்துப் பட்டறையை மூடியபோது நான் தேடிப் பிடித்தது. வார்ப்பிரும்பு. என்னைவிட மூத்தது. நான்கு மாதம் துரு சுரண்டியவன் நான். வருகிறவர்களிடம் அவன் சொல்வது, "எங்க தாத்தா வச்சிருந்த மெஷின்." அதையும் பொறுத்துக்கொண்டேன்.

தேக்குப் பலகை பாதி போகும்போது கீச்சென்று சத்தம், புகை. பேரிங் இறுகிவிட்டது. பூச்சோங்கிலிருந்து வந்த வாடிக்கையாளர் முன்னால் செல்வம் என்னைக் காட்டி,

"அத்தான் எண்ணெய் விட மறந்துட்டாரு லா. வயசாச்சுல்ல."

விட்டேன். நான்கு எண்ணெய்த் துளையிலும். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

15, செவ்வாய். வெயில்.

வாங்க வேண்டியது: குளியலறை பல்ப், பூனைக்கு மீன்.

யோசித்ததில் காரணம் பிடிபட்டது. துளை தெரிவதற்காக ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. செல்வத்தின் மனைவி மாலா, அந்த வட்டமெல்லாம் பொட்டு வைக்கும் இடம் என்று எண்ணி, நான்கிலும் சந்தனத்தை அப்பிவிட்டாள். யாரோ மேலே துடைத்திருக்கிறார்கள். உள்ளே கல்லாகியிருக்கும். நேற்று எண்ணெய் வழிந்தது. துளை நிறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

வயசாச்சாம்.

16, புதன். மறுபடி மழை. முதுகு வலி.

மனைவி தம்பியோடு போனில் பேசிவிட்டு வந்தாள். "திங்கக்கிழமை லோரி வருதாம். அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போடப் போறான். நீங்க ஒரு வார்த்தை பேசினா என்ன?"

அவன் முதலில் பேசட்டும் என்றேன்.

மாலை, செல்வத்துக்குக் கடிதம். 'இரும்புக்குப் போடாதே. ஊசியால் சந்தனத்தைத் தோண்டு. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடு. பிறகு கையால் சுற்று. சுழன்றால் பேரிங்கை மாற்றினால் போதும். டெங்கில் ஊரில் ஒரு கடையில் செய்து தருகிறார்கள்.'

மாலா பெயரை எழுதவில்லை. பூஜையன்று அவள் அப்பியதை நானும் பார்த்தேன். ஆரத்தித் தட்டை எனக்குக் கடைசியில் நீட்டினார்கள் என்ற கோபம், அது எண்ணெய்த் துளை என்று சொல்லவில்லை. திங்களன்று மேலே சுத்தமாக இருந்ததால் சந்தனம் போய்விட்டது என்று எண்ணிவிட்டேன். அதையும் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

எழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். பெயர் மட்டும் போட மாட்டேன். நாளைக் காலை தபாலில்.