வாலிபர் ஞாயிறும் எபியின் அறையும்

இரும்புலியூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் எபிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதாகப் படி.

நமக்கு மீன் கொண்டுவரும் அங்காளம்மாவை நினைவிருக்கிறதா, கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருவாளே, உனக்கென்று சங்கரா மீனை எடுத்து வைப்பாளே, அவள்தான். அவள் மகள் சரிதா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறாள். வருடா வருடம் நிறுத்திவிட்டு மறுபடி டிரெய்னி என்று எடுப்பார்களாம், எத்தனை வருடம்தான் ஒரு பிள்ளை டிரெய்னியாகவே இருக்கும்? இப்போது பெர்மனென்ட் ஆக்க டெஸ்ட் வைக்கப் போகிறார்கள், அதுவரை ஒருநாள்கூட லேட்டாக வரக்கூடாதாம். ஷிப்டைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி பஸ் நம் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் நிற்கும், குப்பத்திலிருந்து அந்நேரத்துக்கு இங்கே வந்துசேர வழியில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கவும் ஆளில்லை. அங்காளம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உன் புள்ள ரூம்பு சும்மாதானே பூட்டிக் கீது, டெஸ்ட் முடியிற வரிக்கும் என் பொண்ணு இருந்துகினு போவட்டுமே மா" என்றாள். என் மகன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான், முடியாது என்று சொல்லிவிட்டேன். போன வருடமும் இதையேதான் சொன்னாய் என்று அவள் கேட்டிருக்கலாம், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் நம் சபையில் வாலிபர் ஞாயிறு. உங்கள் காலத்தில் பாட்டு, வாசிப்பு, காணிக்கை எடுப்பது எல்லாம் நீங்களேதான், முன்னே நிற்க இடம் போதாது. இந்த முறை பாஸ்டர், வாலிபர் எல்லாரும் முன்னே வாருங்கள் என்றார், வந்தது ஃபிரெடியும் இரண்டு மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும். ஃபிரெடிக்கு நாற்பது தாண்டிவிட்டது, டை அடித்துக்கொண்டு இன்னும் வாலிபர் சங்கச் செயலாளராகவே இருக்கிறான், பாவம், அவனை விட்டால் ஆள் ஏது? வெளிநாடு போன நீங்கள் எல்லாம் வீடியோ காலில் எங்கள் கையில் போனுக்குள் இருந்தீர்கள். ஜெனியின் அம்மா கனடாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் உன்னை. கை வலிக்க வலிக்கப் பாட்டு முடியும்வரை பிடித்திருந்தேன். போனைத் திருப்பிப் பார்த்தால் உன் ரூமின் சீலிங் தெரிகிறது, குறட்டை கேட்கிறது. அங்கே விடியாத நேரம், நீ என்ன செய்வாய், கோபமில்லை. ஆனால் பக்கத்தில் யாரும் பார்ப்பதற்குள் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். வரும் வழியில் ரோட்டில் கம்பெனி பஸ்கள் போயின, உள்ளே நிறையப் பிள்ளைகள், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு. ஊரில் வாலிபருக்கா பஞ்சம், என் வீட்டில்தான் இல்லை. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை எபி.

அடுத்த முறை அங்காளம்மா வந்தபோது சாவியைக் கொடுத்துவிட்டேன். சரிதா ஒரு பையோடு வந்தாள். உன் கப்போர்டை அவள் தொடுவதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, உன் மேஜையில் மெஷின் படம் வரைந்து படிக்கிறாள். "இப்போ மெஷின் நின்னா இன்ஜினியரக் கூப்புட்றாங்க ஆன்ட்டி, ஒருநாள் என்னக் கூப்புடுவாங்க பாரு" என்கிறாள். நான் ஆமென் என்றேன். அந்த அறையில் மறுபடி ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது, அதற்காகவே ஹாலில் டிவியைக் குறைத்து வைக்கிறேன். டெஸ்ட் அடுத்த மாதம். பாஸானால் கம்பெனிப் பக்கமே தோழிகளோடு வீடு எடுத்துப் போய்விடுவாளாம், சந்தோஷமாகச் சொன்னாள். அவள் பாஸாக வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். உன் விசாவுக்கும் இப்படித்தான் ஜெபித்தேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கையின் வேலையெல்லாம் வாய்க்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து, சரிதாவும் அதுவரை இருந்தால், உனக்கு ஹாலில்தான் படுக்கை, உன் அறையாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத் திற.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பியூலா