நான் குறித்த நல்ல நாள்

11 மார்ச் 2025, செவ்வாய்க்கிழமை, மாசி 27.

இன்று தியாகராய நகர்ப் பயண முகவர் தொலைபேசியில் அழைத்தார். ஜப்பானில் செர்ரிப் பூக்கள் மார்ச் இறுதியிலேயே மலர்ந்துவிடுமாம். நாங்கள் புறப்படுவது ஏப்ரல் ஒன்பது. போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும்.

"அப்பவே இருபத்தெட்டு போங்கன்னு சொன்னேனே சார், நீங்கதான் கேக்கல. இப்ப அந்த குரூப் ஃபுல்லு" என்றார்.

சொன்னது உண்மை. இருபத்தெட்டாம் தேதி என் மனைவி ஜெயாவுக்குச் சந்திராஷ்டமம். பிறகு முகவர் சொன்ன ஏப்ரல் ஐந்தும் ஆறும் அஷ்டமி, நவமி. அடுத்த நாள் திங்கட்கிழமை, கிழக்கே சூலம். ஒவ்வொன்றாக விலக்கி, பஞ்சாங்கத்தில் நானே தேர்ந்த நாள் ஏப்ரல் ஒன்பது.

அடுத்த ஆண்டு போகலாம் என்பதற்கில்லை. ஜெயாவின் கண் நரம்பு தேய்ந்துவருகிறது. பார்க்க விரும்புவதை இந்த ஆண்டே பார்த்துவிடச் சொன்னார் அடையாறு மருத்துவர். அவள் கேட்டது இந்தப் பூக்களை மட்டும்தான்.

இரவு உணவின்போது விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஏன்னா, பூவுக்கும் ஒரு நாள் பாத்துக் குறிச்சுக் குடுத்திருக்கப்படாதோ! போனாப் போறது, கீழ உதிர்ந்து கிடந்தா குனிஞ்சு பாத்துக்கறேன்."

பேசிக்கொண்டே அவள் எனக்கு மோர் ஊற்றினாள். அது டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளி மேஜையில் விழுந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் டம்ளரை மெல்ல நகர்த்தி, மோர் விழும் இடத்தில் வைத்தேன்.