விட்ட இடத்தில் கண் விழித்த கணினி

என்னங்க, நலம்தானே? இடுப்பு வலி குறைந்ததா? நம் வாண்டு இருமாமல் தூங்குகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், சத்தியமாக.

இன்று ஓர் அதிசயம் பார்த்தேன். கணினி தன் நினைவில் உள்ளதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு, மின்சாரமே இல்லாமல் தூங்கி, விட்ட இடத்திலேயே எழ வேண்டும். அதுதானே என் வேலை? இதுவரை தூங்கப் போனது எழுந்ததே இல்லை. இன்று "வாண்டு என்ன செய்" என்று பாதி அடித்துவிட்டுத் தூங்க வைத்தேன். ஒயரைப் பிடுங்கி, கல்லாய்க் கிடந்ததை அடுத்த அறைக்குத் தூக்கிப்போய்ச் சொருகினேன். முதலில் புதிதாக ஒரு கெர்னல், அதாவது கணினியை ஆளும் தலைமை நிரல், எழுந்தது. அது பழைய நினைவையெல்லாம் எடுத்து அடுக்கி, தான் இருந்த இடத்தையும் பழைய கெர்னலுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மறைந்துபோனது! திரையில் "வாண்டு என்ன செய்". பக்கத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு என் அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அதைக் கேட்டா, தூங்கப்போய்க் கண் இமைச்ச நேரம்கூட ஆகலன்னு சொல்லும்," என்று சிரித்தார் மேலாளர். "முதல்ல அதுக்கு இப்ப மணி என்னன்னு சொல்லும்மா. இல்லைன்னா தூங்கப்போன நேரத்துலயே நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று நம் மகளுக்கு ஷூ வாங்கினேன். நான் கிளம்பிய அன்று அவள் போட்டிருந்த அதே அளவு.

அவள் காலைத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். இரண்டு காலையும்.

மேலாளர் கூப்பிடுகிறார். பென்சில் பட்டதும் கூச்சத்தில் நெளிவாள், கோடு கோணலாகும். திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.

உங்களுடைய,
வாண்டுவின் அம்மா