தகடு போட விடமாட்டார்களாம்

மார்ச் 14

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம். மொத்தமே இரண்டு பத்தி. மரக்கூரை வீடுகளை இனிமேல் எடுத்துக்கொள்வதில்லையாம். செப்டம்பர் 30க்குள் தீப்பிடிக்காத கூரை போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அன்றோடு முடிந்தது. இன்ஷூரன்ஸ் போனால் வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கி சும்மா இருக்குமா?

கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அவர்கள் சொல்வது சரிதான். போன ஜூலையில் மேற்கு மலையில் பிடித்த தீ எங்கள் பள்ளத்தாக்குக்கு மூன்று மைலில் நின்றது. வெளியேறுவதற்கு ஒரே சாலை. குடியிருப்பின் கேட்டருகிலேயே நாற்பது நிமிடம் வண்டி நகரவில்லை. பக்கத்து இருக்கையில் என் கணவன் கில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் சிலிண்டர். இருபத்தாறு வருடம் இந்த மலைச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். பனியில், பனிச்சரிவில் எல்லாம் பதறாதவள் அன்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

கில் கடிதத்தைப் படித்துவிட்டு, "சரி, மாத்திடுவோம். கூரைதானே?" என்றான்.

கூரைதானே.

மார்ச் 20

மாவட்ட அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் ஒரே நாளில் போய் வந்தேன். எழுதி வைத்தால்தான் நாளைக்கு நானே நம்புவேன்.

எங்கள் குடியிருப்பில் வேலிக்குச் சாயம் பூசுவதென்றாலும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதி வேண்டும். சங்கத்து விதிப் புத்தகத்தில் கூரை என்றால் தேவதாருப் பலகை, வேறு எதுவும் கூடாது. 'வனத்தோடு இசைந்த தோற்றம்' என்று போட்டிருக்கிறது. எழுதியது வெண்டெல் ப்ரூயிட். சங்கத்தின் தலைவர், எங்கள் அடுத்த வீட்டுக்காரர். நாற்பது வருடத்துக்கு முன் எழுதினார், இன்னும் அவர்தான் தலைவர்.

அங்கிருந்து மாவட்ட அலுவலகம். கவுண்டரில் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"மரமா? மரக்கூரைக்கு இங்க பெர்மிட் குடுக்கறத நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சும்மா."

"மரம்தான் போடணும்னு எங்க சங்கத்துல சொல்றாங்களே?"

"அது உங்களுக்கும் உங்க சங்கத்துக்கும் உள்ள பிரச்சனை. இரும்புத் தகடு போடறதா இருந்தா சொல்லுங்க, இப்பவே சீல் அடிச்சுத் தரேன்."

அடித்தும் கொடுத்தாள். மாவட்டம் மரம் போட விடாது, சங்கம் மரம் தவிர வேறு போட விடாது. நடுவில் நான் என்ன, வானத்தையா கூரையாகப் போட்டுக்கொள்வது?

மார்ச் 23

கூரை வேலைக்காரர் ரேமுண்டோ ஆர்சுலேட்டா வந்து அளந்து பார்த்தார். கெட்டிக்காரர், கறாரானவர். மாவட்ட பெர்மிட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"சங்கத்து லெட்டரும் வேணும் மேடம். ஒரு தடவை அது இல்லாம போட்டுட்டு, முழுக்கூரையையும் நானே பிரிச்சு எடுத்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

மண் நிறத் தகடு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மினுக்கலே இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. சங்கத்துக்கு விண்ணப்பம் பதினோரு பக்கம், ஐந்து பிரதி. இன்று முழுக்க சாப்பாட்டு மேசையில் அதுதான்.

ஏப்ரல் 16

நிராகரிப்பு. ஒரே வரி: 'இயற்கைத் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை.' கீழே வெண்டெலின் கையெழுத்து, அவருடைய மீசை போலவே நேராக.

ஏப்ரல் 17

விட மாட்டேன். அவ்வளவுதான்.

மே 5

இரண்டாவது விண்ணப்பம். இந்த முறை இரண்டடி அகல மாதிரித் தகடு, நான்கு திசையிலிருந்தும் வீட்டின் படம், வெயில் பட்டால் கண் கூசாது என்று தகடு செய்தவர்களின் கடிதம், மாவட்டப் பெர்மிட்டின் நகல், இன்ஷூரன்ஸ் கடிதத்தின் நகல். எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போய் வெண்டெலின் கதவைத் தட்டினேன். திறந்தார்.

"தபால்ல அனுப்பியிருக்கலாமே."

"நீங்க வாங்கினத நான் கண்ணால பாக்கணும்னுதான்."

"ரோவீனா, இது தனிப்பட்ட விரோதம் இல்ல."

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சொன்னது நல்லதுதான்.

மே 11

கில் இன்று சொன்னான்: "விட்டுடு ரோ. வித்துட்டு டவுனுக்குப் போயிடலாம். ஆஸ்பத்திரியும் கிட்ட."

பொய் சொல்கிறான். வீட்டுப் பட்டறைச் சன்னலுக்கு வெளியே மான் நிற்பதைப் பார்க்காமல் அவனுக்குக் காலைக் காபி இறங்காது. எனக்கு அலைச்சல் வேண்டாம் என்று சொல்கிறான். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவனைத் திட்டினேன்.

"இன்னொரு தடவை விக்கலாம்னு சொன்னே, உன்னைய வித்துடுவேன்."

"யாரு வாங்குவா? சிலிண்டரோட சேத்தா?"

இருவரும் சிரித்தோம். அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

மே 30

மறுபடியும் நிராகரிப்பு. அனுமதியில்லாமல் வேலை ஆரம்பித்தால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று கொட்டை எழுத்தில். பொதுக்கூட்டத்தில் முறையிடலாமாம். முறையிடத்தான் போறேன். வாய் இருக்கு, காலு இருக்கு.

ஜூன் 18

இப்போதுதான் வீடு திரும்பினோம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் சங்கத்து மண்டபத்தில் நடந்தது. உத்தரங்கள் தெரியும் உயரமான கூரை, அடியில் மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் யாரோ ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்டுக் கொண்டுவந்த இனிப்பு. ஐம்பது பேராவது இருக்கும். சாட்சிக்கு ரேமுண்டோவைக் கூட்டிப் போயிருந்தேன், கில்லும் வந்தான். செயலாளர் ஐரிஸ் குறிப்பெடுத்தாள்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். தீயைப் பற்றிச் சொன்னேன், கடிதத்தைப் படித்தேன். "மாவட்டமே வேண்டாங்கிற மரத்த வாங்கி நான் எங்க வைக்கறது, தலையிலயா?" என்றேன். சிலர் சிரித்தார்கள்.

வெண்டெல் எழுந்தார். நன்றாகத்தான் பேசுவார் மனிதர். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், இந்த இடம் தகரக் கொட்டகைகளின் சந்தையாகிவிடும் என்றார். பிறகு மேலே கையைக் காட்டினார்.

"இதோ, நம்ம மண்டபத்தையே பாருங்க. எவ்வளவு அழகா காட்டோட ஒட்டி நிக்குது. இதுதான் நம்ம—"

அப்போது ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு கொட்டியது. மண்டபம் முழுக்க ஒரே கணகணவென்ற சத்தம், ஆயிரம் கரண்டிகளை ஒன்றாகத் தகரத்தில் தட்டுகிறாற்போல். வெண்டெலின் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ரேமுண்டோ அண்ணாந்து பார்த்தார். என் காதருகே வந்து கத்தினார்: "மேடம், இது மரம் இல்ல!"

"என்னது?"

"எஃகுத் தகடு! மரம் மாதிரி அச்சு அடிச்சது! மரமா இருந்தா தொப்தொப்புனுதான் கேக்கும்!"

நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். அறுபத்து மூன்று வயதில். பேருந்தில் கடைசி இருக்கைப் பிள்ளைகளை அதட்டிய அதே குரலை எடுத்தேன்.

"வெண்டெல்! நம்ம தலைக்கு மேல இருக்கறது என்ன?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். வருடக்கணக்கில் அந்தக் கூரைக்கடியில் வந்து தபால் எடுத்தவர்கள், பிறந்தநாள் கொண்டாடியவர்கள். நானுந்தான். ஒருத்தருக்குக் கூடத் தெரியவில்லை.

ஆலங்கட்டி நின்றது. வெண்டெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"மண்டபத்துக்குத் தகடுதான் போடணும்னு இன்ஷூரன்ஸ்காரங்க கேட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி. நான்தான் போட்டேன்."

"யாருகிட்ட விண்ணப்பம் குடுத்தீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

ஐரிஸ் பேனாவை வைத்துவிட்டு, "இத நான் எப்படி எழுதறது?" என்றாள்.

ஓட்டெடுப்பு. நாற்பத்தொன்றுக்கு ஆறு. தீப்பிடிக்காத கூரை எதுவானாலும் போடலாம், எல்லோருக்கும்.

கில் வண்டியில் ஏறியதும், "நாற்காலி மேல ஏறினியே, விழுந்திருந்தா?" என்றான். அவ்வளவுதான் பாராட்டு.

ஜூலை 2

அனுமதிக் கடிதம் கையில். ஐரிஸ் ஓரத்தில் சிரித்த முகம் ஒன்று வரைந்திருக்கிறாள். ரேமுண்டோவைக் கூப்பிட்டேன், நாளை வருகிறேன் என்றார்.

ஜூலை 3

பாவி. பாவி மனுஷன்.

கூட்டத்துக்கு மறுநாளே பதினேழு பேர் ரேமுண்டோவிடம் நாள் குறித்துவிட்டார்களாம். நான் மட்டும் நல்ல பிள்ளையாகக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது அக்டோபர் 20. செப்டம்பர் 30 தாண்டி இருபது நாள்.

"முதல் ஆளு யாரு?" என்று கேட்டேன்.

ரேமுண்டோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்க பக்கத்து வீட்டுக்காரர்தான் மேடம். காலையில ஏழு மணிக்கு போன். ஆகஸ்ட் 19."

நான் போராடினேன், அவர் போட்டுக்கொள்கிறார்! முதல் ஆளாக! சிரிப்பதா, செங்கல்லை எடுப்பதா?

ஜூலை 8

கம்பெனியிடம் இருபது நாள் கேட்டேன். முடியாது. மற்ற கூரைக்காரர்கள் ஒன்பது பேரிடம் கேட்டேன். அந்த ஆலங்கட்டி பள்ளத்தாக்கு முழுக்கக் கூரைகளை உடைத்துப் போட்டிருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜெயித்தும் தோற்றேன். இல்லை, இன்னும் தோற்கவில்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 12

வெண்டெல் வந்தார். வாசலிலேயே நிற்க வைத்தேன்.

"என் நாளை நீங்க எடுத்துக்கோங்க. ஆகஸ்ட் 19. நான் அக்டோபர்ல போட்டுக்கறேன். ரேமுண்டோகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன விஷயம், மனசாட்சியா?"

"எனக்கும் மார்ச்ல லெட்டர் வந்துது, ரோவீனா. அதே கம்பெனி, அதே தேதி."

"அப்ப என் விண்ணப்பத்த ரெண்டு தடவை தள்ளினப்ப உங்க மேசையில அந்தக் கடுதாசி இருந்துது."

"இருந்துது."

"ஏன்யா?"

தரையைப் பார்த்தார். "நாப்பது வருஷமா ஒவ்வொருத்தர் வாசல்லயும் போய் நின்னு இது கூடாது, அது கூடாதுன்னு சொன்னவன். நானே மாத்தணும்னா... வெக்கமா இருந்துது."

"உங்க இன்ஷூரன்ஸ்?"

"போவும். எனக்கு வீட்டுக் கடன் இல்ல, வங்கி வந்து நிக்காது. நான் ஒண்டி ஆளு, கூப்பிட்டா ஓடிடுவேன். கில்லால ஓட முடியாது."

நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். "மார்ச்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஜூன்லயே முடிச்சிருக்கலாம்" என்றுதான் வாயில் வந்தது. ஆமாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்தால் கில் முறைக்கிறான்.

ஆகஸ்ட் 23

முடிந்தது. நான்கு நாள். பழைய பலகைகள் அப்பளம்போல நொறுங்கி விழுந்தன. மண் நிறத் தகடு, வெயிலில் கூசவில்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

இன்ஷூரன்ஸ் புதுப்பித்தாகிவிட்டது. கில் சோள ரொட்டி இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டான்.

அக்டோபர் 17

பனி. ஒரே நாளில் பதினான்கு அங்குலம், இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கக் கூடாதா? பனி விழுந்த பிறகு இந்த உயரத்தில் கூரையைப் பிரிக்க மாட்டேன் என்றார் ரேமுண்டோ. வெண்டெலுக்கு இனி மே மாதம்தான்.

அவர் வீட்டு இன்ஷூரன்ஸ் செப்டம்பர் 30ஆம் தேதியே போய்விட்டது. அவராக வாய் திறக்கவில்லை. போகும் என்று தெரியும், போனது ஐரிஸ் சொல்லித்தான் தெரிந்தது.

நவம்பர் 9

பனியெல்லாம் உருகி ஒரு வாரமாக ஒரே வெயில், காய்ந்த காற்று. தெற்குப் பக்கம் எங்கோ புகை. காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெண்டெல் வீட்டுக்குப் போனேன். கேட்கவில்லை, சுவரில் சாய்த்து ஏறினேன்.

"ரோவீனா! இறங்குங்க!"

"ஏணியப் பிடிங்க முதல்ல."

பலகைகளின் இடுக்கில் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலைகள் விரற்கடை கனத்துக்குக் கிடந்தன. ஒரு பொறி விழுந்தால் போதும். துடைப்பத்தால் முழுவதையும் தள்ளினேன், கூரையோர வடிகாலைக் கையால் வழித்தேன். அவர் கீழே ஏணியைப் பிடித்தபடி இங்கே விட்டுவிட்டீர்கள், அங்கே விட்டுவிட்டீர்கள் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே இருந்தார். ஆறு மூட்டை. இறங்கியதும் காபி வேண்டுமா என்றார், குடித்தேன். கசப்பு.

இந்த மனிதரை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. காற்று நின்றபாடில்லை, ஊசியிலை மறுபடி கொட்டும், சனிக்கிழமை மறுபடி ஏற வேண்டும். மே வரைக்கும்.