இறங்காதே என்று சொன்னது நான்தான்

ராயப்பேட்டை,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னாள், அந்தச் செய்தி எனக்குப் போதும். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பொய்யாகிவிடும். நீ என் நம்பரைத் தடுத்து வைத்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் பேசிய பேச்சுக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை உனக்கு மூன்றாவது டெஸ்ட், இதிலும் போனால் அந்த டிரைவிங் ஸ்கூலில் உடனே வேறு தேதி கிடைக்காது, அதற்குள் விசாவும் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்கச் சொல் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். இவ்ளோ நாள் இறங்காத இறங்காதன்னு சொல்லிட்டு இப்ப மட்டும் ஏன் மாத்திப் பேசறாரு, கேட்டுச் சொல்லும்மா என்றாயாம். நியாயமான கேள்வி. அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மயிலாப்பூரில் நான் டேங்கரில் தண்ணீர் ஊற்றப் போகும் ஃப்ளாட்டில் கோமளம் மாமி என்று ஒருவர் இருக்கிறார். அவர் மகன் நிரஞ்சன் நாளை ராத்திரி கனடாவுக்கு விமானம் ஏறுகிறான், உன் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். கேட்டுப் போனேன். லெட்டர் மட்டும்னா எடுத்துண்டு போவான், பொடி கிடியெல்லாம் வேண்டாம் வெயிட் ஆயிடும் என்றார். பொண்ணு அங்க என்ன பண்றா என்று கேட்டார். பெரிய டிரக் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்றேன். லாரியா, ஐயோ பாவம், அவ்வளவு தூரம் போயும் ஆபீஸ்ல ஒண்ணும் அமையலையா என்றார். நீங்கள் குளிக்கிற தண்ணீர் எதில் வருகிறது மாமி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை, கடிதம் போக வேண்டுமே. திங்கட்கிழமையே கொடுத்துவிடு தம்பி என்று நிரஞ்சனிடம் இரண்டு தரம் சொன்னேன். ட்ரை பண்றேன் அங்கிள் என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆக இதை நீ டெஸ்டுக்கு முன்னால் படிக்கிறாயா பின்னால் படிக்கிறாயா என்பதுகூட என் கையில் இல்லை.

இறங்காதே என்று நான் ஏன் சொன்னேன் என்பதை முதலில் சொல்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது, இதில் இருபத்திரண்டு வருஷம் கனரக வண்டி. ஆறு வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னர் ட்ரெய்லர், மீதி எல்லாம் கொட்டிவாக்கத்தில் ஆனந்தகுமாரின் தண்ணீர் டேங்கர். ரோட்டில் ஒருவன் என்னை வாங்க என்று கூப்பிட்டது கிடையாது. ஸ்கூட்டரில் போகிற சின்னப் பையனுக்கும் நான் யோவ்தான், போலீஸ்காரனுக்கு டேய். இந்த வேலையில் ஒருவனுக்கு மரியாதை என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான், எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் சீட்டை விட்டு எழுந்திருக்காமல் வண்டியை நுழைப்பது. பின்னால் கிளீனர் நின்று பாடியைத் தட்டுவார். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், பலமாக இரண்டு அடி அடித்து ஓல்டேன் என்றால் நிறுத்து. டிரைவர் கண்ணாடியைக்கூடப் பாதிதான் பார்ப்பார், மீதி காதால் ஓட்டுவார். நடுவில் இறங்கிப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தவனை டீக்கடையில் ஒரு வாரம் விடமாட்டார்கள், இன்னாபா, இடம் வாங்கப் போறியா, டேப்பு எட்தாரட்டா என்று கேட்டே சாகடிப்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

நீ டிரக் ஸ்கூலில் சேர்ந்தேன் என்று சொன்ன அன்று எனக்குக் கோபம் வந்தது. உன்னைப் படிக்க வைத்ததே என் குடும்பத்தில் இன்னொரு கை ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்றுதான். அப்புறம் நீ வீடியோவில் அந்த ஐம்பத்து மூன்று அடி ட்ரெய்லரைக் காட்டினாய், நீல ஹெல்மெட்டும் பெரிய பூட்ஸுமாக அதன் பக்கத்தில் நின்றாய், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் நானே உனக்கு வாத்தியார். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலது பக்கம் போகும் என்று சாப்பாட்டுத் தட்டில் தீப்பெட்டியை வைத்துக் காட்டினேன். அது சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ பொண்ணு, அதுவும் கறுப்புத் தோல், அவங்க உன்னைப் பாத்து எப்படா சிரிக்கலாம்னு காத்துக்கினு இருப்பாங்க, இறங்கிப் பாத்தீன்னா தெரியலைன்னு அர்த்தம், எது ஆனாலும் இறங்காத என்று சொன்னேன். அங்கே பின்னால் தட்ட ஆள் கிடையாது, டிரைவர் ஒருத்தர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு பெரிய விஷயமாக மண்டையில் ஏறவில்லை.

இரண்டாவது டெஸ்ட் முடிந்து நீ அனுப்பிய குரல் செய்தியை இப்போதும் வைத்திருக்கிறேன். வலது பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, இறங்கலாம் என்று பெல்ட்டில் கை வைத்தாய், நான் சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டாய், ட்ரெய்லரின் முனை எல்லைக்கு நட்டிருந்த மஞ்சள் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. ஏன் இறங்கிப் பார்க்கவில்லை, பார்த்தால் மார்க் குறையாதே என்று பரீட்சை வைத்தவர் கேட்டார். எங்கப்பா சொன்னாருன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமாப்பா என்று அழுதாய். அதற்கு நான் அனுப்பிய பதில் உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். உனக்கு ஓட்ட வரலைன்னா வரலைன்னு சொல்லு, என் தலைமேல போடாத என்றேன். பதில் அனுப்பிவிட்டு ஒரு நாள் முழுக்க, நான் சொன்னதுதான் சரி என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

நாலாவது நாள், காலை ஏழு மணி இருக்கும், அடையாறில் ஒரு சந்து. ஷரீஃப் பாய்தான் கிளீனர், உனக்குத்தான் தெரியுமே, உன்னை ஏர்போர்ட்டில் விட வந்து பெட்டியைத் தூக்கினாரே அவர். கேட்டுக்குள் பின்னால் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் கத்திக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, யோவ் லாரி, வண்டிய எட்றா, ஆபீஸ் போவணும் என்று கத்தினார். பாய் தட்டுவது என் காதில் விழவில்லை. விழவில்லை என்றால் நிறுத்தி இறங்க வேண்டும், அவ்வளவுதான், அதற்கு அரை நிமிஷம் ஆகும். அந்தக் கார்க்காரர் முன்னால் இறங்கி எட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு பின்னால் எடுத்தேன். கேட் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் பாய் மாட்டிக்கொண்டார். இடது கால் முட்டிக்குக் கீழே இப்போது இல்லை. வாட்ச்மேன் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார், போலீஸ் வரும்வரை நான் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று கூட்டம் சொன்னது. அந்த நேரத்தில் இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் குனிந்து, எப்பப்பா தண்ணி விடுவீங்க என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பைப்பை எடுத்து மாட்டினேன். தூணில் ரத்தம் இருந்தது, சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் லைசன்ஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தி. நகர் கடையில் பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சமைக்கிறாள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முதல் நாள் பாய் கண்ணைத் திறந்ததும், இன்னா கதிரு, பாப்பா பாஸ் ஆயிடுச்சா என்றுதான் கேட்டார். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு பாய் என்றேன். அதுகிட்ட என் கால் மேட்டரெல்லாம் சொல்லிக்கினு இருக்காத, பயந்துடும் என்றார். அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை ஆனந்தகுமார் வீட்டுக்கு வந்தார், டைப் அடித்த ஒரு தாளோடு. ஷரீஃப் குடித்திருந்தார், சொல்லாமல் கொள்ளாமல் தானாக வந்து பின்னால் நின்றார், நான் ஹாரன் அடித்தும் விலகவில்லை என்று அதில் இருந்தது. பாய் டீக்கு மேல் எதையும் தொடாதவர். இதெல்லாம் இன்னாத்துக்கு சார் என்றேன். அவன் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல நைனா, அவனுக்கு ஒண்ணும் வரப்போறதில்ல, நீயாவது தப்பிச்சிக்கோ, பொண்ணு வேற வெளிநாட்ல கீது என்றார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய கை, ப்ரியா. கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. மறுநாள் கொட்டிவாக்கம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். அது ஸ்டேஷனுக்குப் போயிடுச்சே, இனிமே கேட்டா உனக்குத்தான் வம்பு என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் மூன்று டேங்கர் நின்றிருந்தன, அதில் ஒன்றில் புது டிரைவர், புது கிளீனர்.

இதுதான் ஏன் மாற்றிப் பேசுகிறேன் என்பதற்குப் பதில். எனக்கு ஞானம் வந்துவிடவில்லை. ஒரு ஆளின் கால் போன பிறகுதான் உன் மஞ்சள் கம்பம் எனக்குப் புரிந்தது, அதற்கு நான் வெட்கப்படுகிறேன். உனக்கு உதவி செய்ய இங்கிருந்து என்னிடம் ஒன்றும் இல்லை. என் கண்ணாடி உனக்கு உதவாது, என் காது எனக்கே உதவவில்லை. உன் பின்னால் நின்று பார்க்க என்னால் வர முடியாது, என் குரல்கூட உன் போனுக்குள் வராது. நீ ஃபெயில் ஆகி ஊருக்குத் திரும்பி வந்தாலும் எனக்கு நீ வேண்டும், ஆனால் அதை எழுதும்போதே உனக்கு இங்கே வைத்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு இதை நிரஞ்சனிடம் கொடுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பாயிடம் சொல்லிவிடப் போகிறேன். அவர் கேட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அவர் என் முகத்தில் துப்பினாலும் சரி. இன்று காலையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா உனக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், செவ்வாய்க்கிழமை கடைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறாள், கொடுப்பார்களா தெரியாது. நீ யார் வயிற்றெரிச்சலும் இல்லாமல், யார் உடம்பிலும் கீறல் விழாமல் நெடுங்காலம் வண்டி ஓட்டு. ஒன்று மறக்காதே. அங்கே படியில் ஐஸ் பிடித்திருக்குமாம், நான் குதித்து இறங்குகிற மாதிரி நீ குதிக்காதே. வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கு. பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். நடந்து போய்ப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறு.

இப்படிக்கு,
உன் அப்பா,
கதிரேசன்.