விளக்கு வைத்த வீட்டில் லாஸ்ட் போஸ்ட்

15-10-2008, புதன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க: உளுந்து, புளி, திரி.

இவருக்கு ஆர்டர் வந்துவிட்டது. 21-ஆம் தேதி, காவலர் நினைவு நாள், கடலூர் ஆயுதப்படை மைதானத்தில் பியூகிள் கொம்பு ஊதப்போவது இவர்தான். முதல் தடவை. பழைய ஆள் ரிட்டயர்டு. சரோஜாவும் வருவாள். போன வெள்ளத்தில் டூட்டியில் செத்த மாணிக்கத்தின் மனைவி. மாணிக்கம் இவர் பேட்ச்.

சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே லாஸ்ட் போஸ்ட் ஆரம்பித்தார். சாவுக்கு ஊதுவது. என் தம்பி பட்டாளத்தில், காஷ்மீரில். கொஞ்ச நாளாகப் போன் இல்லை.

"என்னங்க, விளக்கு வெச்ச நேரத்துல இது வேணாம்."

"பின்ன எங்க போயி ஊதறது? மைதானம் பூரா சேறு."

"ரெண்டாவதா ஒண்ணு ஊதுவீங்களே, எழுப்புறது. அத ஊதுங்க."

முறைத்தார். நான் சொன்னதையே ஊதினார்.

17, வெள்ளி
மழை. இன்றும் எழுப்பும் ஊதல் மட்டும். பக்கத்து குவார்ட்டர்ஸ் மல்லிகா: "என்னாக்கா, உங்கூட்டு மாமா பொழுது சாயச்சொல்ல ஊரையே எழுப்புறாரு?" சிரிப்பு வரவில்லை.

19, ஞாயிறு
சிதம்பரம். தம்பி பேரில் அர்ச்சனை. நெய், வில்வம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் சொன்னது: லாஸ்ட் போஸ்ட் முதலில் சாவுக்கே இல்லையாம். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் ராத்திரி காவல் இடமெல்லாம் பார்த்து, கடைசி இடமும் சரி, தூங்கலாம் என்று ஊதியது. செத்தவர் வேலையும் முடிந்தது என்று குழிமேல் ஊதியது பிற்பாடு.

"உன் நடராஜருக்கு அர்த்தஜாமம் முடிச்சி பள்ளியறை சாத்துறாங்க, காலைல தொறக்குறாங்க இல்ல? அதான் இந்த ரெண்டு ஊதலும். மேல் சுரம் ஒதட்டுலதான் நிக்கணும் ஜெயா. அமுக்க பட்டன் கிடையாது. ஊதி ஊதித்தான் வரும்."

புரிந்தது. பயம் போகவில்லை.

20, திங்கள்
மழை விட்டது. கடற்கரைக்குப் போய் ஊதச் சொன்னேன். இவரைப் பந்தோபஸ்து டூட்டியில் போட்டுவிட்டார்கள். லாஸ்ட் போஸ்ட்டை ஒரு தடவைகூட முழுசாக ஊதிப் பார்க்கவில்லை.

21, செவ்வாய்
மைதானத்தில் லாஸ்ட் போஸ்ட் மேல் சுரத்தில் உடைந்தது. வெறும் காற்று. அதிகாரி தலை திரும்பியது. எப்படியோ இழுத்து முடித்தார். பிறகு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. சரோஜாவுக்குப் பின்னால் நான். என்னால்தான், என்னால்தான். அப்புறம் எழுப்பும் ஊதல். பிசிறே இல்லை.

சரோஜா: "அண்ணன் அழுதுட்டாருல்லக்கா?" ஆமாம் என்றேன். பொய். சாமி மன்னிக்கட்டும்.

வீட்டுக்கு வந்தவர் சட்டைகூடக் கழற்றவில்லை. "மாணிக்கத்த தூங்க வெக்காமலே எழுப்பிட்டேன் ஜெயா."

தம்பியிடமிருந்து இன்றும் போன் இல்லை. விளக்கு ஏற்றினேன்.

"மொதல்லருந்து ஊதுங்க" என்றேன்.

போன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன். காதைப் பொத்தவில்லை.