இப்பதான் தொடங்கினது

புத்தளம்
02.08.2014

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் மனைவி பஹ்மிதாவின் ஸலாம்.

போனில் பேசினால் தலை சுற்றுகிறது, அதனால்தான் கடிதம். எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். தொடை நாளத்தால் மெல்லிய குழாயை விட்டு, மூளையில் நாளம் வெடித்த இடத்தில் வலைபோல ஒரு ஸ்டென்ட் வைத்தார்களே, அது சரியாக இருக்கிறதா என்று 14ஆம் திகதி கொழும்பில் படம் எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்கும் குளிசையை ஒரு வேளையும் விடவில்லை.

நான் விழுந்த நாள் எனக்கு நினைவிலேயே இல்லை. கூடப்பிறந்த மூத்தவர், காக்காதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்: "பவ்ஸான் கொஞ்சம் சுணங்கியிருந்தா தங்கச்சி மவுத்து." உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் என் உயிரைக் காப்பாற்றியது நீங்களாம். பெருநாளைக்குக்கூட நீங்கள் வரவில்லையே, ஏன்?

பஹ்மிதா

சிலாவத்துறை
06.08.2014

அன்புள்ள பஹ்மிதா, வஅலைக்குமுஸ்ஸலாம்.

வராதது வெட்கத்தால். காக்காவுக்கு உண்மை தெரியாது.

அன்று, தொண்ணூறில் விரட்டப்பட்டு இப்போது ஊரில் மீள்குடியேறியவர்களைக் கிராம சேவகரான விதானை பார்வையிட வரும் நாள். இன்னும் புத்தளத்திலேயே இருப்பவர்களின் பெயரை வீட்டுத்திட்டத்தில் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, எல்லாரையும் போல நானும் உன்னை முதல்நாள் கூட்டிவந்து நம் தகரக் கொட்டிலில் இருத்தினேன். விடியக்காலை சுபஹுக்கே நீ, "தலை வெடிக்குது, ஆசுபத்திரிக்குப் போவம்" என்றாய். "இங்க இருக்க விருப்பமில்லாம நடிக்கிறாய். விதானை வந்துபோகட்டும்" என்றேன். வாந்தி எடுத்தாய். அப்போதும் அடுப்பை மூட்டச் சொன்னேன், குடியிருக்கும் வீடாகத் தெரியவேண்டும் என்று. மதியம் லுஹருக்குப் பிறகு அவர் வந்து பெயரை எழுதும்போது நீ விழுந்தாய்.

"தலையிடி எப்ப தொடங்கினது?" என்று டொக்டர் கேட்டார். "இப்பதான்" என்றேன்.

மானங்கெட்ட
பவ்ஸான்

புத்தளம்
09.08.2014

மச்சானுக்கு,

மூன்று தரம் வாசித்தேன். நடிக்கிறாய் என்றீர்களாமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

14ஆம் திகதி வாருங்கள். டொக்டரிடமும் காக்காவிடமும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் முந்திச் சொல்லமாட்டேன். நீங்கள் சொன்னால் அன்றைக்கே உங்களோடு சிலாவத்துறைக்கு வருகிறேன்.

பஹ்மிதா

சிலாவத்துறை
15.08.2014

பஹ்மிதா,

நேற்று வந்தேன். உன்னைப் படம் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். காக்கா கண்டதும் கட்டிப்பிடித்து, "தங்கச்சிய எங்களுக்குத் தந்தது நீதான்டா" என்று அழுதார். "தேத்தண்ணி வாங்கிட்டு வாறன்" என்று சொல்லிப் போய், மன்னார் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

படத்தில் என்ன தெரிந்தது என்று நான் கேட்கவேயில்லை என்பது பஸ் சிலாபம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

உன்னிடம் கேட்க முகமில்லை. ஸ்டென்ட் சரியாக இருக்கிறதா?

பவ்ஸான்